தண்ணீர்மலைக்குப் போய்வந்த செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமறிய ஆவல். கைப்பேசியில் எதைக் கேட்டாலும் நீ இரண்டு சொல்லில் பதில் அனுப்பிவிடுவதால், நிதானமாக உட்கார்ந்து மின்னஞ்சலாகவே எழுதுகிறேன். பிடோக் பெரியம்மாவும் நானும் பினாங்குக்குப் போய்த் திரும்பிவிட்டோம். நீங்கள் போவது சுற்றுலாவா, முழங்கால் மாநாடா என்று அப்பா கேலி செய்துதான் அனுப்பிவைத்தார்.

தைப்பூசத்தன்று இங்கே டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாகப் பெரியம்மாவுக்கு வேண்டுதல் இருப்பதால், விழாவுக்கு முன்பே போய்த் திரும்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தோம். அது நல்லதாகவே அமைந்தது. விழா நாளில் அந்த ஊரில் கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் போனபோதோ ஊரே விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகளில் இருபுறமும் இரும்புக் குழாய்களை நட்டுத் தண்ணீர்ப் பந்தல்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிகளைச் சோதித்துப் பார்க்கும் சத்தத்தில் பெரியம்மா பேசுவது எனக்குக் கேட்கவில்லை, அது பெரிய இழப்பும் இல்லை. இந்த ஆண்டு தைப்பூசம் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வருவதால், ஒரு தெருவில் மஞ்சள் துணியும் அடுத்த தெருவில் சிவப்பு விளக்குகளும் தொங்கின. இங்கே சிங்கப்பூரில் 1968-லேயே தைப்பூச விடுமுறையை எடுத்துவிட்டார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் அப்பா புலம்புவாரே, அங்கே அது இன்றும் பொது விடுமுறை. நம் ஊர் ஊர்வலப் பாதையில் 1973 முதல் இசைக்குத் தடை இருந்து, 2016-இல்தான் மூன்று இடங்களில் அனுமதித்தார்கள் என்பதைப் பந்தல் போடும் ஒரு பையனிடம் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கோயில் வீட்டையும் பார்த்தோம். தைப்பூசத்துக்கு முந்தின நாளான செட்டிப்பூசத்தன்று வெள்ளித் தேர் அங்கிருந்துதான் புறப்படும். 1894-ஆம் ஆண்டிலிருந்து ஓடும் தேர் அது. குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்து, மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு வேலாயுதத்தைக் கொண்டுபோகத் தங்கத் தேர் ஒன்று 2017-இல் வந்தது. ஒரு முருகனுக்கு இரண்டு தேர் எதற்கு என்று பெரியம்மா தேநீர்க் கடையில் உரக்கக் கேட்டுவிட்டார்; அந்த வழக்கில் நான் நுழைய விரும்பவில்லை, காசைக் கொடுத்துவிட்டு அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த அவசரத்தில் பெரியம்மா தன் கைப்பையைக் கடையிலேயே விட்டுவிட்டார். கடப்பிதழ், பணம் எல்லாம் அதற்குள். கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார், முருகன் காப்பாற்றினான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன்னுடைய கடப்பிதழ், பட்டச் சான்றிதழ், வங்கித் தாள்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, உன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள். மாப்பிள்ளை பத்திரமாக வைத்திருப்பார் என்று இருந்துவிடாதே. அவரைக் குறை சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

கோயில் மலையில் 513 படிகள். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கி, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, வழியில் ஒரு குரங்குக்குப் பெரியம்மாவின் வாழைப்பழத்தைப் பறிகொடுத்து, எப்படியோ மேலே போய்விட்டோம். அங்கிருந்து பார்த்தால் ஊரும் கடலும் தெரிகின்றன. அர்ச்சனைக்கு வழக்கம்போல் உங்கள் இருவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும்தான் சொன்னேன். சொன்னது சரிதானே?

கீழே இறங்கி வந்தபோது ஒரு கடை வாசலில் தேங்காய் மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. தேருக்கு முன்னால் உடைப்பதற்காகச் சீனர்களும் நூற்றுக்கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு சீனத்து அம்மா, தன் மகள் பிழைத்து எழுந்ததற்காக ஆண்டுதோறும் உடைப்பதாகச் சொன்னார். மகளுக்கு என்ன நோய் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் உன் பேரில் கொஞ்சம் காய்களுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன். தேர் வரும்போது கடைக்காரரே உடைத்துவிடுவதாகச் சொன்னார். எதற்கு என்று பெரியம்மா கேட்டார். சும்மாதான் என்றேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரியம்மா விரதம் என்பதால், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நாசி கண்டார் கறிச்சோற்றுக் கடையின் மணத்தை மட்டும் முகர்ந்துகொண்டு, குட்டி இந்தியாவில் வாழையிலைச் சோற்றோடு திரும்பினேன். நீ என்ன சாப்பிடுகிறாய்? வேலை முடிந்து வந்து ரொட்டியும் சீஸும் என்று முடித்துக்கொள்ளாதே. ஒருவருக்குச் சமைப்பது அலுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை தாமதமாக வரும் நாள்களைச் சொல்கிறேன்.

மாலையில் படகேறி எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை போய், இறங்காத குறையாக அடுத்த படகிலேயே திரும்பினோம். 1985-இல் திறந்த பினாங்குப் பாலம், பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளம், தொலைவில் தெரிந்தது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு தம்பதியிடம், என் மகளும் மெல்பர்னில் பாலம் கட்டும் பொறியாளர்தான் என்றேன். அந்த அம்மாள் உன் படத்தைக் கேட்டுப் பார்த்து, களையான முகம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய வேலையைப் பார்ப்பவளுக்கு, பெற்றவளைக் கூப்பிட மட்டும் வாரம் ஒரு நாள் கிடைப்பதில்லை. மூன்று மணி நேர வித்தியாசம் ஒரு காரணமா? உனக்கு இரவு பத்து என்றால் எனக்கு ஏழு. நான் விழித்துத்தான் இருக்கிறேன். நீ எந்த நேரத்தில் அழைத்தாலும் விழித்துத்தான் இருப்பேன்.

பொங்கலன்று காணொளியில் பேசினாயே, உனக்குப் பின்னால் நீல நிறச் சுவர் தெரிந்தது. நாங்கள் வந்து தங்கிய வீட்டில் நீலச் சுவர் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. புதிதாகச் சாயம் அடித்திருப்பீர்கள். நல்ல நிறம்தான்.

லெபோ பாசாரில் உனக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்தேன். அப்படியே மாப்பிள்ளைக்கும் பச்சைக் கரை வேட்டி ஒன்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா என் கையைப் பிடித்துவிட்டார். திரும்பும்போது அவரே வேறு தெரு வழியாக அழைத்து வந்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. நீ அவருடைய மகளோடு இப்போதும் அடிக்கடி பேசுகிறாய் அல்லவா? பேசு, அது நல்லதுதான். யாரிடமாவது பேசினால் சரி. என்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை; எதிர்பார்க்கவில்லை என்று எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

அப்பாவிடம் நான் எதுவும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர் மாலையில் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு சதுரங்கம் ஆடுகிறார், இரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார், நீ நினைப்பதைவிட உறுதியான மனிதர். உன் அறையை அவர் யாருக்கும் வாடகைக்கு விடச் சம்மதிக்கவில்லை. கட்டிலும் மேசையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மின்விசிறியை மட்டும் மாற்றினோம்.

அந்த உறையை மறந்துவிடாதே. கடப்பிதழ், சான்றிதழ், வங்கித் தாள்கள். உன் பெயரில் தனிக் கணக்கும் ஒன்று இருக்கட்டும்.

சேலையோடு ஒரு பெட்டி தம்புன் பிஸ்கட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அஞ்சலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பழைய முகவரிதான் என்றால் நீ ஒன்றும் எழுத வேண்டாம். வேறு முகவரி என்றால் அதை மட்டும் அனுப்பு, போதும். நான் எதுவும் கேட்க மாட்டேன். அதற்கு மேல் உனக்குச் சொல்லத் தோன்றினால், இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா