23 பிக்சல் தள்ளிச் சொடுக்கும் கர்சர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஒரு புகார்

அனுப்புநர்:
தனியாக மென்பொருள் தொழில் செய்யும் வாடிக்கையாளர்,
திருப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்கள்.

பொருள்: தங்கள் கட்டளை வரிக் கருவி கர்சர் கோப்புகளைப் பிழையாக எழுதுவதும் அதற்கான தொகையைத் திரும்பக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த ஜனவரி 8 அன்று, படங்களை ஐகான், கர்சர் கோப்புகளாக மாற்றும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் தங்கள் கருவியை 5,000 ரூபாய் விலையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 5,900 ரூபாய்க்கு வாங்கினேன். அது எழுதிய கோப்புகளில் பிழை இருப்பதைக் கண்டு தங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நான் கேட்காத கேள்விகளுக்கே பதில் வந்தது. ஆகவே தங்களுக்கு நேராக எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். நான் காத்திருந்தது இதைவிட நீளம்.

பனியன் கம்பெனிகளுக்கான சிறிய மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிறேன். ஆடையின் பேட்டர்ன் காகிதத்தைப் படம் எடுத்துத் திரையில் திறந்தால், கட்டிங் மாஸ்டர் கூட்டல் குறி வடிவக் கர்சரை ஓரங்களில் வைத்துச் சொடுக்கிக்கொண்டே போவார். அவர் சொடுக்கிய புள்ளிகளை இணைத்து வெட்டுக்கோடு உருவாகும். மற்ற நிரல்களில் கர்சர் ஓர் அலங்காரமாக இருக்கலாம். என் நிரலில் அது மாஸ்டரின் சாக்பீஸ். அந்தக் கர்சரின் அளவு 48-க்கு 48 பிக்சல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் 24, 24 (இடமிருந்து 24, மேலிருந்து 24). ஹாட்ஸ்பாட் என்கிற சொடுக்குப் புள்ளியும் அங்கேதான் இருக்க வேண்டும். தங்கள் கையேட்டில் சொன்னபடியே கட்டளையில் 24, 24 என்று கொடுத்தேன். கருவி பிழை எதுவும் சொல்லவில்லை. 14 கர்சர்கள் நொடியில் உருவாயின. படம் அழகாகவே இருந்தது. சொடுக்குப் புள்ளி மட்டும் குறியின் நடுவிலிருந்து 23 பிக்சல் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

முதல் இரண்டு நாட்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நகர்ந்தால் வடிவம் கெடாது, மொத்தமாக இடம் மாறும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மாஸ்டர் கழுத்து வளைவைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும் என்று படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிச் சொடுக்கினார். பக்கவாட்டுக் கோடுகளை வழக்கமான அளவிலேயே குறித்தார். வழக்கமான அளவில் ஒரு பிக்சல் என்பது துணியில் ஒரு மில்லிமீட்டர், நான்கு மடங்கு பெரிதாக்கினால் கால் மில்லிமீட்டர். ஆகவே உடல் பகுதி 23 மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தது, கழுத்து மட்டும் 6 மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தது. சாம்பிள் தைத்து வந்தபோது, கழுத்து நடுவிலிருந்து 17 மில்லிமீட்டர் வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கள் கம்ப்யூட்டருக்குக் கழுத்துச் சுளுக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கணக்குகளைத்தான் முதலில் சந்தேகித்தேன். இரண்டு இரவுகள் நானே எழுதிய நிரலைக் கிளறினேன். பிறகுதான் கர்சர் கோப்பையே பைட் பைட்டாகத் திறந்து பார்த்தேன். அங்கே கண்டதைத் தங்கள் நிரலாளர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். தயவுசெய்து இந்தப் பத்தியை அவர்களிடம் அப்படியே கொடுங்கள்.

ஐகான் கோப்பும் கர்சர் கோப்பும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. முதல் 6 பைட் தலைப்பு. அதில் வகை எண் 1 என்றால் ஐகான், 2 என்றால் கர்சர். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட் கொண்ட ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் இரண்டு இடங்களுக்கு மட்டும் வகையைப் பொறுத்துப் பொருள் மாறும். ஐகானில் அவை வண்ணத் தளங்களின் எண்ணிக்கையும் ஒரு பிக்சலுக்கான பிட் எண்ணிக்கையும். கர்சரில் அதே இடங்கள் சொடுக்குப் புள்ளியின் கிடை தூரமும் செங்குத்துத் தூரமும் ஆகும். தங்கள் கருவி ஐகானாகவே எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் வகை எண்ணை மட்டும் 1-இலிருந்து 2 ஆக மாற்றியிருக்கிறது. 0-இலிருந்து எண்ணினால் 10-ஆவது பைட்டில் தொடங்கி 18 00 18 00 என்று பதினாறடிமான எண்களில் இருக்க வேண்டும். அந்த முறையில் 18 என்பது 16 + 8, அதுதான் 24, 24. தங்கள் கோப்பில் இருந்தது 01 00 20 00. அதாவது ஒரு வண்ணத் தளம், 32 பிட். விண்டோஸ் அதை நேர்மையாகப் படித்து, சொடுக்குப் புள்ளி 1, 32 என்று எடுத்துக்கொண்டது. குறியின் நடுவிலிருந்து 23 பிக்சல் இடப்பக்கம், 8 பிக்சல் கீழே. வேட்டி கட்டியிருந்தவருக்குச் சேலைக்காரர் என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டி அனுப்பியது போலத்தான் இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடினமான பகுதியைத் தங்கள் கருவி சரியாகச் செய்கிறது. இந்தக் கோப்புகளுக்குள் வைக்கும் பிஎம்பி (பழைய பட வடிவம்) படத்தின் தலைப்பில், உயரத்தை இரட்டித்து எழுத வேண்டும். படத்தோடு சேர்த்து, எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் முகமூடியும் உள்ளே அடங்குவதால் வந்த பழைய விதி அது. 48 உயரப் படத்துக்கு 96 என்று எழுத வேண்டும்; அதைத் தங்கள் கருவி பிசகாமல் எழுதியிருக்கிறது. தமிழில் பெயரிட்ட கோப்புகளையும் தடுமாறாமல் ஏற்கிறது. நான் இதை வாங்கியதே அதற்காகத்தான். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டேன்.

இனி உதவிப் பிரிவு. முதல் பதில், என் கணினியில் திரைக்காட்சியை இயக்கும் வரைகலை டிரைவர் என்ற மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது. கோப்பில் உள்ள நான்கு பைட்டுகளை டிரைவர் எப்படித் திருத்தும்? இரண்டாவது பதில், கர்சர் படத்தின் வடிவமைப்பு சரியில்லாமல் இருக்கலாம் என்றது. நான் பைட்டுகளை எழுதி அனுப்பிய பிறகு மூன்றாவது பதில் வந்தது: சொடுக்குப் புள்ளியை அமைக்கும் வசதி தங்களுடைய உயர்நிலைப் பதிப்பில் மட்டுமே உண்டாம், கூடுதல் தொகை கட்டினால் கிடைக்குமாம். அப்படியானால் நான் வாங்கிய பதிப்பின் கையேட்டில் அந்த விருப்பம் ஏன் அச்சிடப்பட்டிருக்கிறது? கட்டளையில் கொடுத்தபோது கருவி ஏன் மறுக்கவில்லை? இல்லாத வசதியைக் கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் கடைக்காரருக்கு அழகு. வாங்கிக்கொண்டு வேறொன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கு வேறு பெயர்.

சந்தேகம் தீர, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை நிறுவி, ஐகோயூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ஐகோடூல் என்ற இலவசக் கருவியில் அதே படத்தைக் கொடுத்தேன். கர்சர் வேண்டும் என்று ஒரு விருப்பம், கிடை 24, செங்குத்து 24 என்று இரண்டு விருப்பங்கள். ஒரே வரி. திறந்து பார்த்தால் 18 00 18 00. அன்றிரவே 14 கர்சர்களையும் அதில் மறுபடி செய்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினேன். காசு வாங்காதவர்கள் செய்ததைக் காசு வாங்கியவர்கள் செய்யவில்லை என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஐகான் கோப்பில் 256 அளவு மட்டுமல்லாமல் 48, 32, 16 எல்லாவற்றையுமே பிஎன்ஜி என்ற சுருக்கிச் சேமிக்கும் பட வடிவில் திணிக்கிறது தங்கள் கருவி. ஐகானுக்குள் பிஎன்ஜியைப் படிக்கும் வழக்கம் விண்டோஸ் விஸ்டாவில்தான் வந்தது. வெட்டும் இயந்திரத்தோடு பிணைந்த, விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் இரண்டு என் வாடிக்கையாளர்களிடம் இன்னும் ஓடுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே அதைக் கைகழுவிவிட்டது, உண்மைதான். ஆனால் பெரிய அளவை மட்டும் பிஎன்ஜியாகவும் சிறியவற்றை பிஎம்பியாகவும் வைப்பது நெடுநாள் வழக்கம். கர்சருக்கு பிஎம்பி எழுதத் தெரிந்த கருவி, ஐகானுக்கு ஏன் மறுக்கிறது?

மற்றொன்று இதைவிட மோசம். மூலப்படம் ஒன்றின் பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டேன், பிழை என்னுடையது. கருவி "கோப்பு இல்லை" என்று திரையில் எழுதிவிட்டு, வெளியேறும்போது 0 என்ற குறியீட்டைத் திருப்பியது. கட்டளை வரியில் 0 என்றால் வேலை முடிந்தது என்று பொருள். கட்டளைகளை வரிசையாக இயக்கியபடி நள்ளிரவில் தானாக ஓடும் என் தொகுதிக் கோப்புக்குக் கண் கிடையாது, திரையைப் படிக்காது. அந்த எண்ணை மட்டுமே நம்பும். அது நம்பி, நிறுவல் தொகுப்பையும் கட்டி முடித்தது. உள்ளே போன ஐகான் கோப்பின் அளவு 6 பைட். தலைப்பு மட்டும் இருந்தது, படம் ஒன்றுகூட இல்லை. மணமக்கள் பெயரே இல்லாமல் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை.

எனக்கு வேண்டியது இதுதான். 5,900 ரூபாயை, நான் செலுத்திய கணக்குக்கே 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். உயர்நிலைப் பதிப்பை இலவசமாகத் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். இந்தக் கருவியால் கர்சர் செய்த மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இந்தப் பிழையை எழுத்து மூலம் தெரிவியுங்கள். அம்புக்குறிக் கர்சர் செய்தவர்களுக்கு இது உடனே கண்ணில் படும். மெல்லிய கோட்டுக் கர்சர் செய்தவர்களுக்கு என்னைப் போல மூன்றாம் நாள்தான் தெரியவரும். வீணான சாம்பிள் துணிக்கும் என் இரண்டு இரவுகளுக்கும் நான் கணக்குப் போடவில்லை.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று தங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை அந்த விலக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனக்கு ஊழியர் யாரும் இல்லை. இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்வதும் நானே.

பிழையான கர்சர் கோப்பு, ஐகோடூலில் செய்த சரியான கோப்பு, மூன்று பதில்களின் நகல், வாங்கிய ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

பி.கு.: தங்கள் கருவியின் சொந்த ஐகான், கோப்புப் பட்டியலில் 16 பிக்சல் அளவில் சாம்பல் நிறக் கறையாகத் தெரிகிறது. 256-ஐ அப்படியே சுருக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 16-க்குத் தனியாக வரைந்து சேருங்கள். இதற்குக் கட்டணம் கேட்கவில்லை.