"எனக்கே கணக்கு வராது, இவளுக்கு எப்படி வரும்?"

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வரும்போது உங்களில் பலர் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்கிற வார்த்தையைத்தான் தலைப்பாகப் போட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு அப்பா இதைச் சொன்னதும், அவருடைய மகள் மேசையில் விரித்திருந்த விடைத்தாளை மெதுவாக மடித்துவிட்டாள். அதை வாங்கிப் பார்த்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள், அதாவது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் அப்படியே கூட்டிவிட்டாள், எல்லாக் கணக்கிலும் அதே ஒரு தவறு. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. இதற்கு எதற்குப் பரம்பரையை இழுக்க வேண்டும்?

பரம்பரைக்குப் பங்கே கிடையாது என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. நான்கு நாடுகளைச் சேர்ந்த 11,000 ஜோடி இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. பிள்ளைக்குப் பிள்ளை அறிவுத்திறனில் இருக்கும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு 9 வயதில் 41 சதவீதம், 12 வயதில் 55, 17 வயதில் 66 என்று அதில் கணக்கிட்டார்கள். உடனே "என் பையனுடைய மூளையில் பாதி என்னுடையது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கூட்டத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைப் பற்றிய எண் இது, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பற்றி இது எதுவும் சொல்லாது. எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே எண்ணும் கிடையாது: அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களிடம் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், ஏழைக் குடும்பங்களில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய், வளரும் சூழல்தான் பெரிதாக நின்றது.

அப்புறம், அறிவு அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பி வீட்டில் அம்மாக்களைக் குத்திக்காட்டாதீர்கள். அறிவுத்திறனோடு தொடர்புடையதாக 2018-ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் காட்டினார்கள், ஒவ்வொன்றின் பங்கும் துளித் துளிதான். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி, அதிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பாதி. அண்ணன் மாதிரி தம்பி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

நன்றாகப் படித்து மேலே வந்த பெற்றோர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நீங்கள் பெருமையாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் 70 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அது அடி மாதிரி விழுகிறது. ரொம்ப உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் கொஞ்சம் உயரம் குறைந்திருப்பதை இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் கால்டன் 1886-லேயே எழுதிவிட்டார். அறிவிலும் அந்தப் போக்கு உண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

ஆசிரியராக நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் எண் வேறு. 6 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்து 2018-ல் சொன்னது: கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் அறிவுத்திறன் மதிப்பு (ஐ.க்யூ.) 1 முதல் 5 புள்ளி வரை உயர்கிறது. யாருக்குப் பிறந்த பிள்ளையாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பதற்குப் பலன் இருக்கிறது. ஆனால் தனக்கு இது வரவே வராது என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளை வகுப்பில் கை தூக்குவதில்லை, சந்தேகம் கேட்பதில்லை, வீட்டுப்பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறது. உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ரேங்க் கார்டோடு கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்தப் படியில் தடுக்குகிறது என்று ஆசிரியரும் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளையை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள், எங்கே திணறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். வேலை காரணமாகப் பகலில் வர முடியாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் மாலையில் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்