நாடுகளை ஒப்பிட்டுப் பட்டியல் போடுபவர்களுக்கு: ஜாம்பியாவும் கென்யாவும்

வணக்கம்.

நிகர மூலதனக் கணக்கு, அதாவது ஒரு நாடு வெளிநாடுகளோடு வைக்கும் வரவு செலவில் மூலதனக் கணக்கு என்ற பிரிவின் வரவில் செலவைக் கழித்தது, என்ற ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, ஜாம்பியாவை மேலே வைத்து, கென்யாவைக் கீழே வைத்து, "மூலதனம் எந்த நாட்டை நம்பிப் போகிறது பாருங்கள்" என்று எழுதுகிறீர்கள். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். அந்த எண் சொல்வது அது இல்லை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது எனக்கும் புரிகிறது. நாம் பள்ளியில் படித்த மூலதனக் கணக்கில் அந்நிய முதலீடு, வெளிநாட்டுக் கடன் எல்லாமே அடங்கும். இந்தியாவில் இன்றும் பேச்சு வழக்கு அதுதான். ஆனால் சர்வதேச நாணய நிதியம் 1993இல் இந்தக் கணக்குகளை எழுதுவதற்கான கையேட்டை மாற்றியபோதே முதலீடும் கடனும் நிதிக் கணக்கு என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டன. மூலதனக் கணக்கில் மிஞ்சியவை திட்டங்களுக்கு வரும் மானியம், கடன் தள்ளுபடி, அப்புறம் சுரங்க உரிமம், வணிகச் சின்னம் மாதிரியான சில சொத்துகளின் கைமாற்றம், அவ்வளவுதான்.

இப்போது ஜாம்பியாவைப் பாருங்கள். செம்பு விலை விழுந்து, கடன் ஏறி, பெரும் கடன்சுமை கொண்ட ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடித் திட்டத்தில் சேர்ந்து, 2005 ஏப்ரலில் அதன் கடைசிக் கட்டத்தை எட்டிய நாடு அது. அடுத்த ஆண்டு உலக வங்கி, நாணய நிதியம், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி மூன்றும் தங்களுக்கு வரவேண்டியதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தன. 700 கோடி டாலர் அளவில் இருந்த அரசின் வெளிக்கடன் 100 கோடிக்கும் கீழே இறங்கியது. இப்படித் தள்ளுபடியாகும் தொகை மூலதனக் கணக்கில் வரவாக எழுதப்படும், நிதிக் கணக்கில் அதே அளவு கடன் குறைந்ததாக எழுதப்படும். புதிதாக ஒரு டாலர்கூட ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்குள் வந்திருக்காது. அதற்காக அது வெறும் கணக்குச் சடங்கு என்று நான் சொல்லவில்லை. 2006 ஏப்ரலில் கிராமப்புற சுகாதார நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிய கட்டணத்தை அரசு எடுத்துவிட்டது, கடன்காரர்களுக்குப் போகவேண்டிய பணம் கையில் நின்றதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அதை முதலீட்டாளர் நம்பிக்கை என்று படிப்பது தவறு.

கென்யாவுக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கவே இல்லை. அதன் கடன் தாங்கக்கூடிய அளவுதான் என்று உலக வங்கியும் நாணய நிதியமும் முடிவு செய்துவிட்டன. ஆகவே அதன் மூலதனக் கணக்கில் பெரும்பாலும் திட்ட மானியங்கள்தான் இருக்கும், எண்ணும் சின்னதாகத் தெரியும். 2014 ஜூனில் கென்யா கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய 200 கோடி டாலர், மொம்பாசா–நைரோபி ரயில் பாதைக்குச் சீன எக்ஸிம் வங்கி தந்த கடன், இரண்டும் நிதிக் கணக்கு. வெளிநாட்டில் உழைக்கும் கென்யர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் எழுதப்படும் நடப்புக் கணக்கு என்ற இன்னொரு பிரிவில் வரும். உங்கள் பட்டியலில் இவை எதுவுமே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், என்னை அதிகம் உறுத்துவது இதுதான். தள்ளுபடிக்குப் பிறகு ஜாம்பியா 2012இல் 75 கோடி, 2014இல் 100 கோடி, 2015இல் 125 கோடி டாலர் என்று மறுபடியும் பத்திரம் விற்றுக் கடன் வாங்கியது, 2020 நவம்பரில் வட்டித் தவணையே கட்ட முடியாமல் நின்றது. அந்தக் கடன் ஏறிய கதை மூலதனக் கணக்கில் எங்கேயும் தெரியாது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மன்னிக்கப்பட்ட கடன் தெரியும், வாங்கிய கடன் தெரியாது!

ஒப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிதிக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள், ஓர் ஆண்டை மட்டும் பிடுங்கி எடுக்காமல் பத்துப் பதினைந்து ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். அதற்கு இடமில்லை என்றால், ஜாம்பியாவின் 2006 எண்ணுக்குக் கீழே "கடன் தள்ளுபடியும் சேர்ந்தது" என்று ஒரு வரியாவது போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டியல்களைத் தொடர்ந்து படிக்கும் ஒருவர்