எய்ம்ஸ் நடைபாதையில் ஒரு குளிர்காலம்: நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மார்ச் 15 ஆகிவிட்டது. தில்லியில் வீடற்றவர்களுக்காகக் குளிர்காலத்தில் போடும் கூடாரங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நடைபாதையில் படுப்பவர்களுக்குக் கம்பளி கொடுத்து, தங்குமிடத்துக்கு அழைத்துப்போகும் நம் வேலையிலும் இந்த வருடத்துக்குக் கடையைக் கட்டிவிட்டோம். கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஊரிலிருந்து பணமும் துணியும் அனுப்பியவர்களுக்கு இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும்.

"இத்தனை ரைன் பசேரா (வீடற்றவர்களுக்கான இரவுத் தங்குமிடம்) இருக்கும்போது ஏன் நடைபாதையில் படுக்கிறார்கள்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது; அதே ஆண்டில் தில்லியில் குடிசைப் பகுதிகளோடு இதையும் கவனிக்க ஒரு வாரியமும் வந்தது. ஆனால் எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனை வாசல்களில் படுப்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். விடியும் முன்பே ஓ.பி. (புறநோயாளிகள்) வரிசையில் நிற்க வேண்டும், தூங்கிப்போனால் அன்றைய நாளே போச்சு என்ற பயம் அவர்களுக்கு. ரிக்‌ஷாக்காரருக்கோ வண்டி களவு போய்விடுமே என்ற கவலை. கம்பளி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். உள்ளே வாருங்கள் என்றால் வர மாட்டார்கள்.

அதனால் முதல் நன்றி, முனிர்க்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் தம்பிகளுக்கு. யாரை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று செல்போனில் குறித்துவைத்து, ரைன் பசேராவுக்கே போய்த் தட்டி எழுப்பி, மூடுபனியில் வரிசை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரிசையில் நின்றார் என்று தெரிந்த பிறகுதான் பக்கத்தில் படுத்திருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். ரிக்‌ஷாக்களைத் தன் காலனி கேட்டுக்குள் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ள இடம் கொடுத்த சௌகிதார் (காவலாளி) அண்ணனுக்கும், அதைக் கண்டும் காணாமல் இருந்த குடியிருப்புச் சங்கத்துக்கும் நன்றி!

நைட் டியூட்டி முடிந்த களைப்போடு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்த மலையாளி நர்ஸ் சேச்சியை மறக்க முடியாது. நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் நின்று பேச்சு குழறினால், குடித்திருக்கிறார் என்று விட்டுவிடாதே, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லித்தந்தவர் அவர்தான். ஒரு மடக்கு சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்று நம்பிய எத்தனை பேரிடம் மல்லுக்கட்டினார்! அது தோலை மட்டும் சூடாக்கி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். அடைத்த கூடாரத்துக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். அதன் நச்சு வாயுவில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

திருப்பூர் நண்பர்கள் அனுப்பிய ஏற்றுமதி மிச்ச உள்ளாடைகளும் முழுக்கை பனியன்களும் டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டன. பல பனியன்களில் கலைமான் படம். கோரக்பூர் பெரியவர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உலாவினார்.

கம்பளிக்குப் பணம் தந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று சொல்கிறேன். பானிபட்டில் பழைய துணியிலிருந்து நெய்யும் மலிவுக் கம்பளி பனியில் நனைந்தால் லேசில் காயாது. தவிர, குளிர் தரையிலிருந்தும்தான் ஏறுகிறது. எவ்வளவு போர்த்தினாலும் கீழே விரிப்பு இல்லாவிட்டால் பயனில்லை. அடுத்த வருடம் பாதிப் பணத்துக்குத் தார்ப்பாயும் தடித்த பாயும் வாங்கலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

ஆர்.கே. புரம் மாமிகளின் மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு "இதில் பருப்பு எங்கே?" என்று கேட்டவர்கள்கூட இரண்டாம் டம்ளர் வாங்கிக்கொண்டார்கள். மாமிகளுக்கு நன்றி. இரவெல்லாம் சண்டை, வாந்தி, அழுகை எல்லாவற்றையும் சமாளித்த ரைன் பசேரா காவலாளிகளுக்குத் தனி நன்றி. ஒப்பந்த வேலை, சொற்பச் சம்பளம். அவர்களை யாரும் மேடை ஏற்றுவதில்லை.

துவைத்துக் காயவைத்த கம்பளிகள் ஒரு நண்பர் வீட்டு கராஜில் இருக்கின்றன. அக்டோபரில் அவற்றை வெயிலில் போட ஆள் வேண்டும். வரவு செலவுக் கணக்கை இந்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நன்றியுடன்,
குழுவினர் சார்பில்,
ஆர்.கே. புரம், புது தில்லி