தாது வருஷத்தில் பிறந்தவருக்குச் சான்றிதழ் ஏது?

ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரிஷியஸ், ஃபிஜி தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள், முன்னோரின் பிறப்புச் சான்றிதழ் கேட்டு இங்குள்ள அலுவலகங்களுக்கு நடையாய் நடக்கிறார்கள். இல்லாத காகிதத்துக்கு எந்த எழுத்தரும் நகல் தர முடியாது. சென்னை மாகாணத்துக்கென்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-இல். நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து கிளம்பியதோ 1860-இல். பிந்திய பிறப்புப் பதிவேடுகளில்கூடப் பல இடங்களில் 'ஆண்' என்ற சொல்லும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். குழந்தைக்குப் பெயரே இராது.

தேடலைக் கடலுக்கு அப்பால் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் இடப்பட்டது. அந்த நாட்டுத் திருமண, இறப்புப் பத்திரங்களில் அது பல நேரம் குறிக்கப்பட்டிருக்கும். எண் கிடைத்தால் கப்பல் பட்டியல் கிடைக்கும். அதில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் வரும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் முனுசாமிகள் நிற்பார்கள். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆகவும், முத்துசாமி 'மூட்டூசாமி' ஆகவும் மாறியிருப்பார். ஆங்கில எழுத்தை வாய்விட்டுப் படித்தால்தான் ஆளைப் பிடிக்கலாம்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஜில்லாவில். பட்டியலில் இருப்பது அன்றைய ஜில்லா. 1911-க்கு முந்திய 'வட ஆற்காடு, சித்தூர் தாலுகா' இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலை அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தது. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா. 'வாண்டிவாஷ்' என்பது வந்தவாசி. புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் தாலுகாவுக்கு நாலைந்து உண்டு என்பதால், குடும்பத்தில் குலதெய்வத்தின் பெயர் நினைவிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். எந்தப் புதூர் என்பதை அதுவே பல நேரம் தீர்த்துவைக்கும்.

வயது கப்பலேறும்போது எழுத்தர் கேட்டதோ, கண்ணால் மதித்ததோதான். 20, 25, 30 என்று முழு எண்களாகக் குவிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். 1890-இல் 25 என்றிருந்தால் 1865-க்கு முன்னும் பின்னும் ஐந்து வருஷம் விட்டுத் தேடுவதுதான் சரி.

சாதக ஓலை வைத்திருக்கும் குடும்பம் கொடுத்துவைத்தது. ஆனால் அதில் இருப்பது அறுபது வருஷச் சுற்றுப் பெயர். தாது என்றால் 1816-ஆகவும் இருக்கலாம், 1876-ஆகவும் இருக்கலாம். எந்தச் சுற்று என்பதைக் கப்பல் பட்டியலின் வயது சொல்லிவிடும். மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் நாலும் இருந்தால் பழைய பஞ்சாங்கக் கணக்கில் நாளையே கண்டுபிடிக்கலாம். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், தாது மாசியில் பிறந்தவருக்கு ஆங்கில வருஷம் 1877. இன்னொரு குழி: 'தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்' என்று வீட்டில் சொல்லிவருவது தாது வருஷத்தையே குறிக்க வேண்டியதில்லை. பஞ்சம் 1878 வரை இழுத்தது, மொத்தத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

சாதிப் பத்தியில் 'கிறிஸ்டியன்' என்றிருந்தால் வழி சுலபம். பங்கின், அதாவது அந்த வட்டாரத் திருச்சபையின், ஞானஸ்நான ஏட்டில் பெற்றோர் பெயரும், பெரும்பாலும் பிறந்த நாளும் இருக்கும். இன்று ஊரில் நிற்கும் தேவாலயம் அன்று இருந்ததா, இல்லை பத்து மைல் தள்ளிய பங்கின் கிளையா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏடு தாய்ப் பங்கில் இருக்கும். அங்கே ஞானஸ்நானத் தேதி மட்டும் இருந்தால் அதைப் பிறந்த நாளாக எழுதிவிடாதீர்கள். வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர்களும் அதே ஏட்டில்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்