சும்மா உட்காருவதற்கா நேரம் கேட்டோம்?

தேர்வுச் சலுகைக் குழுவினருக்கு,

வணக்கம். என் மகனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்ட விண்ணப்பத்தை இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். 'மூளை அலைப் பதிவில் குறைபாடு தெரியவில்லை' என்று ஒரே வரி. மனநல மருத்துவர் அவனிடமும் எங்களிடமும் பேசி, ஆசிரியர்களிடமும் விவரம் வாங்கி, ஏடிஎச்டி, அதாவது கவனத்தை நிலைநிறுத்த முடியாத குறைபாடு, என்று எழுதிக் கொடுத்த அறிக்கையை யாராவது புரட்டியாவது பார்த்தீர்களா?

அந்த மூளை அலைப் பதிவை, அதாவது ஈஈஜியை, எப்படி எடுத்தார்கள் தெரியுமா? தலை முழுக்கப் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, கண்ணை மூடி அசையாமல் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். மூளையின் மெதுவான தீட்டா அலைக்கும் வேகமான பீட்டா அலைக்கும் உள்ள விகிதம் இயல்பு என்று வந்துவிட்டது; தீட்டா கூடியிருந்தால்தான் ஏடிஎச்டி என்பது உங்கள் கணக்கு. சரி, சும்மா உட்காருவதற்கா நாங்கள் கூடுதல் நேரம் கேட்டோம்?

அவன் தடுமாறுவது வேறு இடத்தில். வினாத்தாளில் 48 என்று படித்துவிட்டு விடைத்தாள் பக்கம் திரும்புவதற்குள் எண் நழுவிவிடும். திரும்பப் பார்ப்பான், அதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துவிடும். போன தேர்வில் மூன்றாம் கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போய், கடைசிப் பத்து மதிப்பெண் கேள்விக்குக் கேள்வி எண்ணை மட்டும் ஓரத்தில் எழுதிவிட்டு வந்தான். அன்று இரவு அதே கணக்கை நிதானமாக உட்கார்ந்து எனக்குப் போட்டுக் காட்டினான், ஒரு படிகூடத் தப்பவில்லை. நான் என்ன சொல்லுவது?

இந்த விகிதத்தை அளக்கும் கருவியை 2013-இல் அனுமதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே, 6 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு, மருத்துவரின் முழு மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும்தான் அனுமதித்தது. 2016-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, அந்த மதிப்பீட்டுக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள் என்றே சொல்லிவிட்டது. ஏடிஎச்டி இருந்தும் விகிதம் இயல்பாக உள்ள பிள்ளைகள் நிறையப் பேர். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் தீட்டா ஏறும். அப்படியானால் முந்தின இரவு அவனைத் தூங்கவிடாமல் கூட்டிப் போயிருந்தால் சலுகை கிடைத்திருக்குமோ?

வண்ண வண்ணமாக அச்சடித்த மூளைப் படம் என்றால் உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது, பிள்ளையைத் தினமும் வகுப்பில் பார்க்கிற ஆசிரியர் எழுதினால் அது வெறும் அபிப்பிராயம். அந்தப் படங்களைக் காட்டியே பெற்றோரிடம் காசு கறக்கிறவர்கள் வேறு கிளம்பியிருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்களே ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

கேட்பது இவ்வளவுதான்: ஈஈஜி நிபந்தனையை எடுத்துவிட்டு, மருத்துவர் அறிக்கையைப் படித்து முடிவு செய்யுங்கள். அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. தயவுசெய்து இன்னொரு ஈஈஜி எடுத்து வரச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள், போன தடவை ஒட்டிய பசை முடியை விட்டுப் போகவே இரண்டு நாள் ஆனது.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்