சால்வியா இலையும் உங்கள் அம்மாவின் நெய்யும்

புளோரன்ஸ்,
நவம்பர் 16

அன்புள்ள மீனாவுக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. தபால் பெட்டியில் கரண்ட் பில்லுக்கும் விளம்பரத் தாளுக்கும் நடுவில் உன் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்ததும் மாடி ஏறக்கூடப் பொறுமையில்லாமல் படியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன். பழைய வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்கு வந்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். நல்ல காரியம்தான். அம்மாவுக்கு லிஃப்ட் இருக்கிற வீடு வேண்டும். ஆனால் புறக்கடை முருங்கையை வெட்டிவிட்டார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தில் பாதி அந்த மரத்தைப் பற்றித்தான். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நீ கேட்ட கேள்வி. நான் அனுப்பின படத்தில் வெண்ணெயில் கிடந்த சாம்பல் பச்சை இலை கற்பூரவள்ளியா என்று கேட்டாய். இல்லை. ஆனால் ஒரே குடும்பம். இங்கிலீஷில் சேஜ், இத்தாலியில் சால்வியா. பெயரைக் கேட்டதும் ஏதாவது ஞாபகம் வருகிறதா? தாவரவியல் வகுப்பில் படித்த லேபியேட்டே குடும்பம், சதுரத் தண்டு, உதடு பிளந்த மாதிரிப் பூ! சால்வியாப் பூவின் நெம்புகோல் அமைப்பை எத்தனை தரம் படம் போட்டு பாகம் குறித்திருப்போம். தேனீ உள்ளே தலையை நுழைத்தால் மகரந்தத் தாள் இறங்கி அதன் முதுகில் தூளைத் தட்டிவிடும் என்று நீ விடுதி மொட்டைமாடியில் உரக்கப் படித்து மனப்பாடம் பண்ணினாயே. இலை எப்படி இருக்கும், வாசனை என்ன, ஒன்றும் தெரியாமலே மார்க் வாங்கினோம். போன மே மாதம் என் பால்கனித் தொட்டியில் ஊதாப் பூ விட்டபோது ஒரு பென்சில் முனையை மெதுவாக உள்ளே நுழைத்துப் பார்த்தேன். தாள் அப்படியே வளைந்து இறங்கி, பென்சிலில் மஞ்சள் தூளை வைத்துவிட்டு, எடுத்ததும் எழும்பிப் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட படம் கண் முன்னால் அசைகிறது! உன்னைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றியது. மதுரையில் நடுராத்திரி ஆகியிருக்கும், விட்டுவிட்டேன்.

இந்த இலையைச் சமைக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நாங்கள் 2003-இல் இங்கே வந்த புதிதில் கீழ் வீட்டு நோன்னா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் தோட்டத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். நம்ம ஊர் பழக்கத்தில் கொத்தமல்லி மாதிரி பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடியைப் பருப்பை இறக்கும்போது தூவினேன். வாயில் வைக்க முடியவில்லை. கசப்பு, அதோடு தைலத்தைக் கரைத்த மாதிரி ஒரு நெடி. பானையோடு கொட்டினோம். இதை எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ என்று அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. நோன்னா கொடுக்கும் கொத்தெல்லாம் குவளைத் தண்ணீரில் நின்று வாடிப் போகும்.

2005 குளிர்காலம். இவருக்கு ராத்திரி ஷிஃப்ட். எனக்கு நாலு நாள் காய்ச்சல் விட்டு, எதைத் தின்றாலும் மண் மாதிரி இருந்த நேரம். நோன்னா மேலே வந்து பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் அடுப்படி நாற்காலியில் உட்காரவைத்தார். உருளைக்கிழங்கை மசித்து மாவு சேர்த்து உருட்டின ஞோக்கி, பெரிய சீடை அளவில், ஏற்கெனவே தட்டில் தயாராக இருந்தது. அகலமான வாணலியில் ஒரு கட்டி வெண்ணெய், சின்னத் தணலில். உருகினதும் பத்துப் பன்னிரண்டு சால்வியா இலையை முழுசாகப் போட்டார். ஈரம் துளிகூட இல்லாமல் துணியில் ஒற்றி எடுத்த இலை. வெண்ணெய் நுரைத்துச் சடசடவென்று பேச ஆரம்பித்தது. நோன்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலைக் காதருகே கொண்டுபோய் 'கேள்' என்று சைகை காட்டினார். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, நுரை விலகி, அடியில் பொன்னிறம் தெரிய ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்தார்.

மீனா, எனக்கு அந்த நிமிஷம் உங்கள் வீட்டு அடுப்படிதான் முன்னால் வந்து நின்றது. லீவுக்கு வருகிறபோதெல்லாம் உங்கள் அம்மா சேர்த்து வைத்த வெண்ணெயை உருக்குவார்களே. சடசடப்பு அடங்குகிற வரைக்கும் நம்மைப் பேசவிடாமல், தலையைச் சாய்த்துக் காது கொடுத்து நிற்பார்கள். அப்புறம் உன்னைப் புறக்கடைக்கு விரட்டி ஒரு கொத்து முருங்கையிலை உருவிக்கொண்டு வரச் சொல்வார்கள். நெய்யை வடித்த பிறகு அடியில் நிற்கிற கசண்டோடு மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இலைக்கு நீயும் நானும் சட்டிக்குள்ளேயே சண்டை போடுவோமே. சூடான சோறு ஒரு கை போட்டுப் பிசைந்து, ஆளுக்கொரு உருண்டை கிடைக்கும். நோன்னா தட்டை நீட்டினபோது எனக்கு ருசி தெரிந்தது. காய்ச்சல் வந்து நாலு நாளில் முதல் முறை. இலை கண்ணாடித் தாள் மாதிரி நொறுங்கியது. கசப்பு போன இடமே தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தால் காரணம் புரிகிறது. சால்வியாவின் வாசனையெல்லாம் எண்ணெய்ச் சத்தில்தான் இருக்கிறது. கற்பூரமும் அதில் உண்டு, யூக்கலிப்டஸில் இருக்கிற சினியோலும் உண்டு. அது தண்ணீரில் சரியாக இறங்காது, கொழுப்பில் இறங்கும். வெண்ணெயில் 16 சதவீதம் வரைக்கும் தண்ணீர் இருக்கிறது. சடசடவென்று கேட்பது அந்தத் தண்ணீர் போகிற சத்தம். தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும். அது போனதும் சூடு ஏறிப் பால் சத்து சிவக்கும், இலையும் மொறுமொறுப்பாகும். அதனால்தான் காதில் கேட்டுச் சமைக்க வேண்டியிருக்கிறது. இன்னும் அரை நிமிஷம் விட்டால் கருகிவிடும், கருகினால் பழைய கசப்பு திரும்பி வந்துவிடும்.

இப்போது வாரத்தில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் இதுதான் சாப்பாடு. இரண்டு பேருக்கு 60 கிராம் வெண்ணெய் போதும். அடுப்பை அணைத்ததும் ஞோக்கியோ பாஸ்தாவோ வெந்த தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி விட்டு வாணலியைச் சுழற்ற வேண்டும், வெண்ணெய் பிரியாமல் குழம்பாகச் சேரும். மேலே துருவின பார்மிஜானோ சீஸ். பூண்டு வேண்டாம், மிளகாய் வேண்டாம். நானும் எல்லாம் போட்டுப் பார்த்தவள்தான், இதில் மட்டும் கை வைக்காமல் விடுவது நல்லது. வடக்கே மாந்துவா பக்கம் பரங்கிக்காயை உள்ளே வைத்து மடித்த தோர்தெல்லிக்கும் இதே வெண்ணெய்தான் ஊற்றுவார்கள். தித்திப்பும் கற்பூர வாசனையும் சேர்ந்தால் கொஞ்சம் கோயில் பிரசாத நினைவு வரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது பீன்ஸ். இந்த ஊர்க்காரர்களை மற்ற இத்தாலியர்கள் 'பீன்ஸ் தின்னிகள்' என்று கேலி பண்ணுவார்கள். இவர்களும் கோபப்படாமல் ஒத்துக்கொள்வார்கள். கன்னெல்லீனி என்று வெள்ளையாக, சின்னதாக ஒரு பயறு. 300 கிராமை ராத்திரியே ஊறப்போடு. காலையில் புதுத் தண்ணீரில், நாலைந்து சால்வியா இலை, தட்டின பூண்டு இரண்டு பல், ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். தளபுளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு குமிழி வந்து வந்து போனால் போதும். ஒன்றரை மணி நேரம் ஆகும். குக்கரில் வைத்தால் தோல் பிரிந்து கூழாகிறது, நான் விட்டுவிட்டேன். உப்பு கடைசியில். அப்புறம் இன்னொரு சட்டியில் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக விட்டு, பூண்டும் இன்னும் ஆறு இலையும் போட்டு, பூண்டு நிறம் மாறுவதற்குள் தோலுரித்த தக்காளி 400 கிராம். அது சுண்டினதும் பயற்றை அதன் தண்ணீரோடு கொஞ்சம் சேர்த்துக் கால் மணி நேரம். மிளகு. ஃபஜோலி அல்லுச்செல்லெத்தோ என்று பெயர், சின்னப் பறவைகளைச் சமைக்கிற மாதிரி சமைத்த பீன்ஸ் என்று அர்த்தம். வேட்டையில் கிடைத்த குருவிகளை இதே இலையில்தான் வதக்குவார்களாம். பறவை இல்லாத வீட்டிலும் அந்த வாசனை வரட்டும் என்று வைத்த பெயரோ என்று எனக்குத் தோன்றும்.

நோன்னாவின் அம்மா காலத்தில் பீன்ஸை ஒயின் குடுவையில் வேகவைப்பார்களாம். மேலே சுற்றின வைக்கோலைக் கழற்றிவிட்டு, பயறு, சால்வியா, பூண்டு, எண்ணெய், தண்ணீர் எல்லாம் உள்ளே போட்டு, ஆவி போகும்படி வாயைத் தளர்வாக அடைத்து, ராத்திரி அணைகிற தணலில் சாம்பலோடு சாய்த்து வைப்பார்கள். காலையில் வெந்திருக்கும். உன் ஆச்சி சுண்டக்கறியை ஆறுகிற விறகடுப்பில் விட்டுவிட்டுத் தூங்கப் போவார்களே, அதே பொறுமை. இந்த ஊர் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். வந்த புதிதில் பேக்கரிக்காரர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சுட்ட ரொட்டித் துண்டின் மேல் இந்த பீன்ஸைச் சாறோடு ஊற்றிச் சாப்பிட்ட அன்றுதான் அந்த ரொட்டி ஏன் அப்படி இருக்கிறது என்று நாக்குக்குப் புரிந்தது. சனிக்கிழமை பையன் வந்தால் முதல் கேள்வி, 'பீன்ஸ் இருக்காம்மா?'

மழை நாளுக்கு பஜ்ஜியும் உண்டு! பெரிய இலையாகக் காம்போடு பறித்து, மைதாவை ஐஸ் மாதிரி குளிர்ந்த சோடாத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, தோய்த்துப் பொரிப்பார்கள். இரண்டு இலைக்கு நடுவில் உப்பில் ஊறின அச்சூகா மீனை வைத்து ஒட்டினால் இன்னும் விசேஷம். அது நம்ம நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் ஆசையாகக் கடலை மாவில் போட்டுப் பார்த்தேன். மாவுதான் தெரிந்தது, இலை தெரியவில்லை. மைதாவே சரி.

ரோமாபுரிக்காரர்களின் சால்திம்போக்காவைக் கன்றுக்குட்டி இறைச்சியில் செய்வார்கள். நான் எலும்பில்லாத கோழியை மெல்லிசாகத் தட்டிச் செய்கிறேன். மேலே ஒரு துண்டு உப்புப் பன்றி, அதன் மேல் ஒரு சால்வியா இலை, பல்குச்சியால் ஒரு தையல், வெண்ணெயில் புரட்டி வெள்ளை ஒயின் தெளித்தால் ஐந்தே நிமிஷம். வாய்க்குள் குதிக்கும் என்று பெயருக்கு அர்த்தம். உப்பு மட்டும் போட்டுவிடாதே, பன்றியிலேயே இருக்கிறது.

சந்த் அம்ப்ரோஜோ என்று 1873-இல் கட்டின ஒரு சந்தை இங்கே இருக்கிறது. வாங்கின காய்க்கு மேல் காய்கறிக்காரம்மா ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, கொஞ்சம் பார்ஸ்லி, சில நாள் சால்வியாவும் கேட்காமலே பையில் திணிப்பார். 'ஓதோரி', அதாவது வாசனைகள் என்று பெயர். கொசுறுக் கறிவேப்பிலை ஞாபகம் வருகிறதா? அந்த ஒரு பிடிக்காகவே நான் சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

செல்விக்கு ஐந்தாம் மாதம் என்று படித்து ரொம்ப சந்தோஷம். சேஜ் டீ நல்லது என்று யாரோ சொன்னதாகவும் வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருந்தாய். தராதே. இதில் துயோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, சாப்பாட்டில் நாலு இலை வேறு, கஷாயமாகக் குடிப்பது வேறு. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஆகாது. பிள்ளை பெற்ற பிறகும் வேண்டாம், பாலை நிறுத்துவதற்கே இங்கே பழைய நாளில் இதைத்தான் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் மருத்துவப் பள்ளிக்குப் பேர்போன சலேர்னோ ஊர் மருத்துவர்கள் தோட்டத்தில் சால்வியா வளர்க்கிறவன் எதற்குச் சாக வேண்டும் என்றே கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் செல்விக்கு டாக்டர் சொன்னதே போதும்.

தொட்டியில் வைக்க விதை கேட்டாய், ஜனவரியில் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். மண்ணில் பாதி மணல் கலந்து வை. வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், ஐப்பசி மழையில் கூரைக்கு அடியில் நகர்த்திவிடு. காய்ந்த இலையை அனுப்ப எனக்கு மனசில்லை, அதில் பரண் வாசனைதான் மிச்சம்.

நோன்னா போன பிப்ரவரியில் போய்விட்டார். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து இவ்வளவு நாள் தள்ளிவிட்டேன். என் பால்கனிச் செடி அவர் தோட்டத்துக் குச்சியில் துளிர்த்ததுதான். நாலைந்து வருஷத்தில் அடி மரமாகிப் போகும், ஒவ்வொரு தடவையும் ஒரு குச்சியை ஒடித்துப் புதுசாக நட்டுக்கொண்டே வருகிறேன்.

அம்மாவுக்கு இப்போதெல்லாம் நேற்று நடந்தது மறந்துபோகிறது, பழசு மட்டும் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் இதைக் கேட்டுப் பார். அந்த முருங்கையிலையை அடுப்பை அணைப்பதற்கு முன்னால் போடுவார்களா, அணைத்த பிறகா? எனக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவர்கள் கை என்ன பண்ணியது என்று உனக்கும் ஞாபகம் இருந்தால் எழுது. முடிந்தால் அம்மாவை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு கட்டி வெண்ணெயை உருக்கிக் காட்டிக் கேள்.

அன்புடன் உன்
விஜி